ஞானப்பல் முதல் தாடை முறிவு வரை: முகத்தாடை அறுவை மருத்துவரைக் கண்டுபிடிப்பது எப்படி?

"இதை நான் எடுக்க மாட்டேன். சர்ஜனை வரச் சொல்றேன், வியாழக்கிழமை சாயங்காலம் வந்துடுங்க."

எங்கள் தெருமுனை பல் டாக்டர் எக்ஸ்-ரேயைப் பார்த்துவிட்டு இப்படிச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. பத்து வருடமாக எங்கள் வீட்டுப் பற்களையெல்லாம் பார்த்தவர். கடைவாயில் ஒரு பல்லைப் பிடுங்க இன்னொருவர் எதற்கு? அப்புறம்தான் புரிந்தது, அவர் எனக்குச் செய்த பெரிய உதவியே அந்த ஒரு வாக்கியம்தான். என் ஞானப்பல் படுத்த வாக்கில் எலும்புக்குள் புதைந்திருந்தது. அதன் வேர் கீழுதட்டுக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பை ஒட்டிக்கொண்டிருந்தது.

அதன்பிறகு தம்பியின் பைக் விபத்து, மாமனாரின் ஆறாத வாய்ப்புண் என்று இன்னும் இரண்டு முறை இதே வகை மருத்துவரைத் தேடி அலைந்தேன். நான் மருத்துவன் இல்லை. நோயாளிக்குத் துணையாக ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தவன், அவ்வளவுதான். அங்கே தெரிந்துகொண்டதைத் தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்து வரிசையாக எழுதுகிறேன்.

முதலில்: தேடிக்கொண்டிருக்கக் கூடாத நேரங்கள்

கீழே சொல்லும் நிலைமையில் இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பல்வலியோடு தொடங்கிய வீக்கம் தாடைக்கு அடியில் கழுத்துப் பக்கம் இறங்குகிறது, நாக்கு மேலே தூக்கினாற்போல் இருக்கிறது, எச்சில் விழுங்க முடியவில்லை, குரல் மாறுகிறது, மூச்சு வாங்குகிறது. இது மூச்சுக்குழாயை அடைத்துவிடக்கூடிய தொற்று. "காலையில பார்த்துக்கலாம்" என்று படுத்தவர்கள் காலையில் எழாமல் போனதும் உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கு இது இன்னும் வேகமாகப் பரவும். வீக்கம் மேலே ஏறிக் கண்ணை மூடினாலும் இதே அவசரம்தான்.

விபத்தில் முகத்தில் அடிபட்டால் முதலில் பார்க்க வேண்டியது மூச்சும் தலைக்காயமும்தான். பல்லும் தாடையும் அதற்கு அப்புறம். எனவே பல் கிளினிக்குக்குக் கொண்டுபோகாதீர்கள். மயக்கம், வாந்தி, மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ தண்ணீர்போல வடிவது, இரண்டிரண்டாகத் தெரிவது ஆகியவற்றை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பிள்ளை விழுந்து நிலைப்பல் முழுசாகப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டதா? வேர்ப்பகுதியைத் தொடாமல், பல்லின் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். மண் இருந்தால் தண்ணீரில் லேசாக அலசலாம், தேய்க்கக் கூடாது. முடிந்தால் இருந்த குழியிலேயே திரும்பச் செருகிவிடலாம். இல்லாவிட்டால் ஒரு டம்ளர் பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போக வேண்டும். நேரம் போகப் போக அந்தப் பல் பிழைக்கும் வாய்ப்பு குறையும். இது பால்பல்லுக்குப் பொருந்தாது. பால்பல்லைத் திரும்ப வைப்பதில்லை.

படி 1: இவர் யார், மற்ற பல் டாக்டர்களிலிருந்து எப்படி வேறு?

பி.டி.எஸ். முடித்தால் பல் மருத்துவர். அதற்குமேல் மூன்று வருடம் எம்.டி.எஸ். படித்தால் நிபுணர். எம்.டி.எஸ்.ஸில் ஒன்பது பிரிவுகள் இருக்கின்றன, நம் ஆட்கள் தடுமாறும் இடமும் இதுதான். பலகையில் எம்.டி.எஸ். என்று பார்த்ததும் "பெரிய டாக்டர்" என்று உள்ளே போய்விடுகிறோம். அவர் பல்லுக்குக் கம்பி போடும் பிரிவாக இருக்கலாம், வேர்சிகிச்சைப் பிரிவாக இருக்கலாம், ஈறு, குழந்தைப் பல், செயற்கைப் பல் என்று எதுவாகவும் இருக்கலாம். எல்லோருமே நிபுணர்கள்தான், அவரவர் வேலையில்.

நாம் தேடுவது 'வாய் மற்றும் முகத்தாடை அறுவை சிகிச்சை' பிரிவு. பலகையில் ஓரல் அண்ட் மேக்ஸிலோஃபேஷியல் சர்ஜன் என்று இருக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஃபேசியோமேக்ஸிலரி என்றோ, சுருக்கமாக ஃபேசியோமேக்ஸ் என்றோ சொல்வார்கள். "ஃபேசியோமேக்ஸ் ஓ.பி. எங்கே?" என்று கேட்டால் நர்ஸ் கை காட்டிவிடுவார்.

பெயரில் கிட்டத்தட்ட ஒன்றுபோல ஒலிக்கும் இன்னொரு பிரிவு உண்டு: வாய்நோய் கண்டறிதலும் எக்ஸ்-ரேயும் சேர்ந்தது. ஓரல் மெடிசின் என்பார்கள். வெள்ளைத் திட்டு, வாய் எரிச்சல் போன்றவற்றுக்கு முதலில் பார்க்கத் தகுந்தவர் இவர். அறுவை தேவைப்பட்டால் இவரே சர்ஜனிடம் அனுப்புவார்.

படி 2: உங்கள் பிரச்சினைக்கு இவர்தான் வேண்டுமா?

ஞானப்பல் எல்லாவற்றுக்கும் சர்ஜன் தேவையில்லை. நேராக முளைத்து வெளியே தெரியும் பல்லைச் சாதாரணப் பல் மருத்துவரே எடுத்துவிடுவார். ஈறுக்குள்ளோ எலும்புக்குள்ளோ புதைந்தது, சாய்ந்தது, வேர் நரம்பை ஒட்டியது என்றால்தான் இவர். ஓ.பி.ஜி. என்ற முழுவாய் எக்ஸ்-ரேயில் இது பெரும்பாலும் தெரிந்துவிடும். நரம்பு மிக அருகில் இருப்பதாகத் தோன்றினால் சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண ஸ்கேன் கேட்பார்கள். அதில் பயப்பட ஒன்றுமில்லை, நின்றபடியோ உட்கார்ந்தபடியோ ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நரம்போடு ஒட்டிய சில பற்களுக்கு மேல்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேரை அப்படியே விட்டுவைக்கும் முறையும் உண்டு. இதை உங்களிடம் எடுத்துச் சொல்லும் சர்ஜன் விஷயம் தெரிந்தவர் என்று நான் கணக்குப் போடுவேன்.

தாடை முறிவுக்குச் சந்தேகமே வேண்டாம், இவர்தான். அடிபட்ட பிறகு பல்வரிசை முன்புபோலப் பொருந்தாதது, கீழுதடு மரத்துப்போவது, வாய் கோணலாகத் திறப்பது, கன்னம் ஒரு பக்கம் தட்டையாகத் தெரிவது எல்லாம் முறிவின் அடையாளங்கள். முகவாயில் அடிபட்டிருந்தால் காதுக்கு முன்னால் இருக்கும் மூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அடி வாங்கியது முகவாய், உடைவது மேலே மூட்டுப் பக்கம், இது அடிக்கடி நடக்கும். தம்பிக்கு நடந்ததும் அதுதான். முகவாயில் நான்கு தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் தோசையைக் கடிக்க முடியவில்லை என்று அவன் சொன்ன பிறகுதான் மூட்டு உடைந்திருந்தது தெரிந்தது. குழந்தைகளுக்கு இப்படி விட்டுப்போனால் மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டி, வாயே திறக்காமல், தாடை வளராமல் போய்விடக்கூடும். முகவாயில் அடிபட்ட குழந்தையை ஒரு தடவை பார்த்ததோடு விடாமல், வாய் சரியாகத் திறக்கிறதா என்று சில மாதம் கவனியுங்கள்.

அடுத்தது வாய்ப்புண். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டு வாரத்துக்குமேல் ஆறாத புண், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், காட்டியே ஆக வேண்டும். வலி இல்லாததுதான் ஆளை ஏமாற்றுகிறது. என் மாமனார் நாக்கின் ஓரத்தில் இருந்ததை "பல் குத்துது" என்று ஐந்து மாதம் ஓட்டினார். மணத்தக்காளிக் கீரை, பி-காம்ப்ளக்ஸ் மாத்திரை, மருந்துக்கடைக் களிம்பு என்று ஒரு சுற்றும் முடித்துவிட்டார். கூரான பல் குத்திப் புண் வருவது உண்மைதான். ஆனால் அந்தப் பல்லைத் தேய்த்து மழுக்கிய பிறகும் இரண்டு வாரத்தில் ஆறவில்லையென்றால் காரணம் பல் இல்லை. வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, கழுத்தில் கட்டி, காரணமில்லாமல் ஆடும் பல் ஆகியவையும் இந்தக் கணக்கில் வரும்.

பாக்கு போடுபவர்கள் ஒரு சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். உங்கள் கையின் நடு மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் வைத்துப் பாருங்கள். இரண்டே நுழைகின்றன, காரம் பட்டால் வாய் எரிகிறது, கன்னம் உள்ளே தோல்போல விறைத்திருக்கிறது என்றால் பாக்கினால் வரும் நார்த்தன்மை நோயாக இருக்கலாம். புற்றுநோய்க்கு முந்தைய நிலை அது. "நான் புகையிலை போடுறதில்லை, வெறும் பாக்குதான்" என்று சொல்பவர்கள் உண்டு. வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-லேயே வகைப்படுத்திவிட்டது.

சந்தேகப்பட்டால் சர்ஜன் சிறு துண்டு சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். கத்தி பட்டால் பரவிவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது, நம்பாதீர்கள். முடிவில் புற்றுநோய் என்று வந்தால், அங்கிருந்து எங்கே போவது என்பதை அந்தச் சர்ஜனோடு உட்கார்ந்து பேசுங்கள். அறுவை, கதிர்வீச்சு, மருந்து மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம் நல்லது. சென்னையில் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையமும், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு நடத்தும் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையும் அப்படிப்பட்டவை.

முகத்தில் மின்சாரம் பாய்ந்ததுபோல சில நொடி வந்து போகும் வலிக்கும் ஒரு எச்சரிக்கை. முகம் கழுவினால், பல் துலக்கினால், காற்றுப் பட்டால்கூட சுரீரென்று இழுக்கும். இது நரம்பு வலி. பல்வலி என்று நினைத்து ஒன்றன்பின் ஒன்றாக நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். பல் எடுத்தும் வலி அப்படியே இருந்தால் அடுத்த பல்லுக்குச் சம்மதிக்காதீர்கள். முகத்தாடை மருத்துவரோ நரம்பியல் மருத்துவரோ பார்க்கட்டும்.

உதட்டுப் பிளவு, அண்ணப்பிளவோடு குழந்தை பிறந்தால் முதல் கவலை அறுவை அல்ல, பால் குடிப்பதுதான். அதற்கென்று தனி பாட்டில்களும் தூக்கிப் பிடித்துக் கொடுக்கும் முறையும் உண்டு. முதல் வாரத்திலேயே ஒரு பிளவு சிகிச்சை மையத்தில் காட்டிவிடுங்கள். உதட்டை மூன்று மாதம் ஆனபின்பும், அண்ணத்தைப் பொதுவாக ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள்ளும் தைப்பார்கள். ஈறு எலும்பில் பிளவு இருந்தால் எட்டு வயதுக்குமேல், கோரைப்பல் முளைப்பதற்கு முன்பாக, எலும்பு வைப்பார்கள். இதைச் சில இடங்களில் முகத்தாடை சர்ஜனும் சில இடங்களில் பிளாஸ்டிக் சர்ஜனும் செய்கிறார்கள், இரண்டும் சரிதான். பேச்சுப் பயிற்சியாளரும் பல்லுக்குக் கம்பி போடுபவரும் அதே குழுவில் இருக்கிறார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும். பிளவு அறுவைக்கு உதவும் ஸ்மைல் டிரெயின் தொண்டு அமைப்போடு இணைந்த மருத்துவமனைகளில் இந்த அறுவை இலவசம்.

தாடை முன்துருத்தியிருப்பதை, உள்வாங்கியிருப்பதைச் சரிசெய்யும் அறுவைக்கு அவசரம் கிடையாது. வளர்ச்சி நின்ற பிறகுதான் செய்வார்கள். அதற்கு முன்னால் ஒரு வருடமோ அதற்கு மேலோ கம்பி போட வேண்டியிருக்கும். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வந்து கேட்டால் நல்ல சர்ஜன் முடியாது என்றுதான் சொல்வார்.

செயற்கைப் பல் வேர் (இம்ப்ளான்ட்) பொருத்த இவரேதான் வேண்டும் என்றில்லை. எலும்பு குறைவு, மேல்தாடைக்கு மேலே காற்றறையாக இருக்கும் சைனஸின் அடித்தளத்தைத் தூக்க வேண்டும் என்று வரும்போது இவரிடம் போவது நல்லது.

படி 3: எங்கே தேடுவது?

கூகுளில் 'அருகில் உள்ள' என்று தட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஐந்து நட்சத்திரம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் பல் சுத்தம் செய்துகொண்டு போனவர்கள். தாடை முறிவைப் பற்றி அந்த நட்சத்திரம் ஒன்றும் சொல்லாது.

உங்கள் வழக்கமான பல் டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "உங்க அம்மாவுக்கு இந்தப் பல்லுன்னா யார்கிட்ட அனுப்புவீங்க?" ஒரு பெயர் வரும். பக்கத்துத் தெருவில் இன்னொரு பல் டாக்டரிடமும் கேட்டு அதே பெயர் வந்தால் பாதித் தேடல் முடிந்தது.

அரசு வழி. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, 1953-இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் பல் பிரிவாகத் தொடங்கியது. ரயிலிலிருந்து இறங்கினால் நடந்தே போகலாம். சிதம்பரத்தில் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி இப்போது அரசிடம் இருக்கிறது. புதுக்கோட்டையில் 2023-இல் ஒன்று திறந்தார்கள். விழுப்புரம், கடலூர்ப் பக்கத்து ஆட்களுக்குப் புதுச்சேரியில் மகாத்மா காந்தி பல் மருத்துவ நிலையமும் எட்டும் தூரம்தான். இவை தவிர, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. அங்கே முகத்தாடை சர்ஜன் இருக்கிறாரா, எந்தக் கிழமை ஓ.பி. என்று முதலில் ஒரு ஆளை அனுப்பியோ 104 சுகாதார உதவி எண்ணில் பேசியோ கேட்டுக்கொள்ளுங்கள். ஓ.பி. சீட்டு காலையில்தான் போடுவார்கள், எட்டு மணிக்கு வரிசையில் நின்றுவிடுவது உத்தமம்.

தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் தமிழ்நாட்டில் இருபதுக்கும் மேல். பலர் இவற்றை நினைத்தே பார்ப்பதில்லை. கட்டணம் வெளியே இருப்பதைவிடக் குறைவு, பேராசிரியர்களும் அங்கேயே இருப்பார்கள். "மாணவர்களை வச்சுப் பழகுவாங்க" என்ற பயம் நியாயம்தான். ஆனால் எம்.டி.எஸ். படிப்பவர் ஏற்கெனவே பல் மருத்துவர், பேராசிரியர் பக்கத்தில் நிற்கத்தான் செய்வார். யார் செய்யப்போகிறார்கள், யார் உடன் இருப்பார்கள் என்று நேராகக் கேளுங்கள், சொல்வார்கள். நேரம் மட்டும் நிறையப் பிடிக்கும். ஒரு பல்லுக்கு மூன்று நாள் போய்வர வேண்டியிருக்கும்.

அப்புறம் 'விசிட்டிங்' சர்ஜன். சின்ன ஊர்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான். சர்ஜன் நகரத்தில் இருப்பார், வாரத்துக்கு ஒரு நாள் சுற்றி ஐந்தாறு கிளினிக்குகளுக்கு வந்து அறுவை செய்துவிட்டுப் போவார். இதில் தவறு ஒன்றுமில்லை, என் ஞானப்பல்லையும் அப்படி வந்தவர்தான் அழகாக எடுத்தார். ஆனால் அவர் அடுத்த ஊருக்குப் போன பிறகு, மூன்றாம் நாள் ராத்திரி பத்து மணிக்கு ரத்தம் கசிந்தால் போனை எடுப்பது யார்? இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் இருக்கிற இடத்தில் மட்டும் படுங்கள். என்னைக் கேட்டால், டிகிரிக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது இதைத்தான். மாமனாருக்குச் சதைத்துண்டு எடுத்த கிளினிக்கில் அந்தப் பதில் இல்லை. அன்று இரவு பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு மூன்று நம்பருக்குப் போன் செய்தோம், மூன்றும் அணைத்து வைக்கப்பட்டிருந்தன.

படி 4: பதிவைச் சரிபாருங்கள்

பல் மருத்துவர்கள் சட்டப்படி மாநிலக் கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டும். நமக்குத் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில். மருந்துச் சீட்டின் தலைப்பில் பதிவு எண் இருக்கும். இல்லாவிட்டால் வரவேற்பறையில் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் எதற்கு? எம்.டி.எஸ். என்பதோடு எந்தப் பிரிவு என்பதையும் கேட்டுவிடுங்கள். பெயருக்குப் பின்னால் நீளமாக வரும் ஃபெலோஷிப், சர்டிஃபிகேட் எழுத்துகளில் சில வருடக்கணக்கான பயிற்சி, சில இரண்டு நாள் வகுப்பு. இது நம்மால் கண்டுபிடிக்க முடியாத விஷயம், அதனால் நான் அந்த எழுத்துகளைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. முகத்தாடை சர்ஜன்களுக்கு 1969-இல் தொடங்கிய அகில இந்தியச் சங்கம் ஒன்று உண்டு. அதில் உறுப்பினர் என்றால் ஒரு கூடுதல் நம்பிக்கை, அவ்வளவே.

படி 5: முதல் சந்திப்புக்கு எதை எடுத்துப் போவது?

பழைய எக்ஸ்-ரே, ஸ்கேன் எல்லாம். வாட்ஸ்அப்பில் மங்கலாக வந்த படம் போதாது. ஸ்கேன் எடுத்த இடத்தில் சி.டி.யோ லிங்க்கோ கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் அடுத்த டாக்டர் திரும்ப எடுக்கச் சொல்வார், பணம் இரண்டு தடவை போகும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் மாத்திரை அட்டைகள். பெயர் ஞாபகமில்லாவிட்டால் பையோடு தூக்கிக்கொண்டு போங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் வைத்தவர் பல் பிடுங்குவதற்காக மாத்திரையை நிறுத்தி மாரடைப்பில் போய் முடிவது, ஈறில் கொஞ்சம் ரத்தம் கசிவதைவிடப் பெரிய ஆபத்து. நிறுத்துவதா வேண்டாமா என்பதை இதய மருத்துவரும் சர்ஜனும் பேசி முடிவு செய்யட்டும்.

எலும்புத் தேய்மானத்துக்கோ எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கோ போடும் ஊசி, மாத்திரை சில உண்டு. எலும்புத் தேய்மானத்துக்கு வருடம் ஒரு தடவை ஏற்றும் ஸோலெட்ரோனிக் ஆசிட், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் போன்றவை. இவற்றை எடுத்தவர்களுக்குப் பல் பிடுங்கிய இடத்தில் எலும்பு ஆறாமல் செத்துப்போகும் அபாயம் இருக்கிறது. பாட்டிக்கு எப்போதோ எலும்பு ஊசி போட்டதை யாரும் பல் டாக்டரிடம் சொல்வதில்லை, சம்பந்தமில்லை என்று நினைத்து. சொல்லுங்கள். தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு எடுத்திருந்தால், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் அதையும் சொல்லுங்கள். இதய வால்வு மாற்றியது, சர்க்கரையின் மூன்று மாத அளவு, கர்ப்பம், மருந்து ஒவ்வாமை எல்லாம் இதே வரிசையில்.

படி 6: கேட்க வேண்டியவை

நான்கு கேள்விகளைச் சீட்டில் எழுதிக்கொண்டு போவேன். இது செய்யாவிட்டால் என்ன ஆகும்? வேறு வழி இருக்கிறதா? எனக்கு, என் எக்ஸ்-ரேயை வைத்து, என்ன சிக்கல் வரலாம்? அறுவைக்குப் பின் ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது?

மூன்றாவது கேள்விக்கு "ஒண்ணும் ஆகாதுங்க, பயப்படாதீங்க" என்பது மட்டும் பதிலாக வந்தால் எனக்கு அங்கேதான் பயம் வரும். கீழ் ஞானப்பல்லுக்கு உதடோ நாக்கோ சில நாள், சில மாதம் மரத்துப்போகலாம், அபூர்வமாக நிரந்தரமாகவே தங்கிவிடலாம். மேல் கடைவாய்ப் பல்லுக்குச் சைனஸ் அறையில் ஓட்டை விழலாம். இதைப் படத்தில் விரல் வைத்துக் காட்டிச் சொல்லும் மருத்துவரே நல்லவர். நேரமில்லை என்று எரிந்து விழுந்தால் இன்னொருவரிடம் காட்டுங்கள். முறிவு, தொற்று தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இரண்டாவது கருத்துக்கு நேரம் இருக்கிறது. முறிவுக்கும்கூட, வீக்கம் வடியட்டும் என்று சில நாள் காத்திருப்பது வழக்கம்தான். வாரக்கணக்கில் விட்டால் எலும்பு கோணலாக ஒட்டிக்கொள்ளும்.

முழு மயக்கம் கொடுத்துச் செய்வதென்றால் மயக்க மருத்துவர் யார், அவசரம் என்றால் ஐ.சி.யு. உண்டா என்று கேளுங்கள்.

படி 7: பணம்

மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். தாடை முறிவில் டைட்டானியம் பிளேட், ஸ்குரூ விலை தனியாக வரும். மயக்க மருத்துவர், அறை, பரிசோதனைக்கூடம் எல்லாம் சேர்ந்ததா என்று வரிவரியாகக் கேளுங்கள்.

சாலை விபத்து என்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்ட யாருக்கும், வெளிமாநிலத்தவருக்கும்கூட, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை கேட்க மாட்டார்கள். அதற்குமேல், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆஸ்பத்திரியில் அதற்கென்று தனி மேசை இருக்கும். உங்கள் அறுவை பட்டியலில் வருகிறதா என்று சேர்வதற்கு முன்பே அங்கே கேட்டுவிடுங்கள். விபத்துப் பதிவேட்டின் நகலையும் மறக்காமல் வாங்கி வைக்க வேண்டும். ஏ.ஆர். காப்பி என்று கேட்டால் தெரியும். பின்னால் இழப்பீட்டு வழக்குக்கு அது இல்லாமல் ஒன்றும் நகராது.

தனியார் காப்பீட்டில் பல் சிகிச்சை பொதுவாகக் கிடையாது, விபத்தினால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தது என்றால் மட்டும் விதிவிலக்கு. முறிந்தது தாடை எலும்பு, காரணம் விபத்து என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று கையில் வாங்கியதும் படியுங்கள். தம்பியின் தாளில் பல் பிரிவு என்ற முத்திரையைப் பார்த்தே முதலில் மறுத்துவிட்டார்கள். சர்ஜனிடம் ஒரு விளக்கக் கடிதம் வாங்கிக் கொடுத்த பிறகுதான் பணம் வந்தது.

படி 8: அறுவைக்குப் பின்

பல் எடுத்தபின் வைக்கும் பஞ்சை அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் கடித்திருக்க வேண்டும். துப்பாதீர்கள், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதீர்கள். இரண்டும் குழியில் உறைந்த ரத்தத்தை இழுத்துவிடும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் மறுநாளிலிருந்துதான். வீக்கம் இரண்டு மூன்று நாள் ஏறிவிட்டுப் பிறகு வடியும், அது இயல்பு. வடியத் தொடங்கிய பிறகு திரும்ப ஏறினாலோ, மூன்று நான்கு நாள் கழித்துக் காதுவரை இழுக்கும் புது வலி வந்தாலோ திரும்பப் போங்கள்.

தாடையைக் கம்பியால் கட்டியிருந்தால் சில வாரத்துக்குக் கஞ்சி, பருப்புத் தண்ணீர், மோர், மிக்ஸியில் அடித்து வடிகட்டிய சாதம்தான். அந்தக் கம்பியை எங்கே வெட்ட வேண்டும் என்று வீட்டில் ஒருவருக்கு டாக்டரே காட்டிக்கொடுக்க வேண்டும். வாந்தி வந்தால் அந்த நேரத்தில் வெட்டத் தெரிய வேண்டும். வெட்டும் கத்திரியை நோயாளியின் தலைமாட்டிலேயே வையுங்கள். அம்மா அதைத் தலையணைக்கடியில் பத்திரப்படுத்திவிட்டு, தேவைப்பட்டபோது வீடு முழுக்கத் தேடினார்.

சதைத்துண்டோ கட்டியோ எடுத்திருந்தால் பரிசோதனை முடிவு வரும் தேதியைக் கேட்டு நாட்காட்டியில் குறித்துவையுங்கள். புண் ஆறிவிட்டது, தையலும் பிரித்தாயிற்று என்று அந்தக் காகிதத்தை வாங்காமலே விட்டுவிடுகிறவர்கள் நிறைய. நீங்களே போய் வாங்கி, அனுப்பிய சர்ஜனிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள். மாமனாரின் முடிவு எட்டாம் நாளே தயாராகி, பரிசோதனைக்கூடத்து இழுப்பறையில் பதினேழு நாள் கிடந்தது.